பெற்றதைத் திருப்பித் தந்த மாணவர்

1890 ஆம் ஆண்டு, செப்டம்பர் மாதம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இண்டியனோலா என்னும் சிற்றூரில் மெதடிஸ்ட் கிறிஸ்தவர்கள் நடத்திவந்த சிம்ப்சன் கல்லூரியில் கறுப்பின இளைஞர் ஒருவர் வந்து சேர்ந்தார். கல்விக் கட்டணத்தைச் செலுத்திய பின் அவரிடம் எஞ்சியது பத்து சென்ட் மட்டுமே. அதில் மக்காச்சோள மாவும் சிறிது கொழுப்பும் வாங்கி, அவற்றைக் கொண்டே ஏறக்குறைய ஒரு வாரத்தைக் கழித்தார். பின்னர்க் கடனுக்குத் தொட்டியும் தேய்ப்புப் பலகையும் சோப்பும் வாங்கி, சக மாணவர்களின் துணிகளைத் துவைத்துக் கொடுத்துப் படிப்பைத் தொடர்ந்தார். அவரே பிற்காலத்தில் வேளாண் அறிவியலாளராக உலகம் அறிந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்.

அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது கடந்திருக்க வேண்டும். தமது பிறந்த நாள் எதுவென அவருக்கே தெரியாது; 1864 ஆம் ஆண்டை ஒட்டியது என்று மட்டுமே கூற முடிகிறது. அடிமைக் குழந்தைகளின் பிறப்பை யார் குறித்து வைத்தார்கள்? அவருடைய தாய் மேரியைப் பற்றி மட்டும் ஓர் ஆவணம் இருந்தது: மிசௌரி மாநிலத்து விவசாயி மோசஸ் கார்வர் 1855 இல் அவளை எழுநூறு டாலருக்கு வாங்கிய விற்பனைச் சீட்டு.

ஜார்ஜ் கைக்குழந்தையாக இருந்தபோது கொள்ளையர் கூட்டமொன்று தாயையும் சேயையும் கடத்திச் சென்றது. மோசஸ் ஆளனுப்பித் தேடினார். குழந்தை மட்டும், கக்குவான் இருமலில் உயிர் ஊசலாடும் நிலையில் மீட்கப்பட்டது. மீட்டு வந்தவருக்கு முந்நூறு டாலர் மதிப்புள்ள குதிரை ஒன்று பரிசாக வழங்கப்பட்டது. தாய் திரும்பவேயில்லை. அடிமை முறை ஒழிந்த பின்பும் மோசஸும் அவர் மனைவி சூசனும் ஜார்ஜையும் அவருடைய அண்ணனையும் தம் வீட்டிலேயே வளர்த்தனர். நோஞ்சானாக இருந்ததால் ஜார்ஜுக்கு வயல் வேலை தரப்படவில்லை. சமையல், துவைத்தல், தையல், பின்னல் ஆகியவற்றைச் சூசனிடம் கற்றார். எஞ்சிய நேரத்தைக் காட்டுச் செடிகளோடு கழித்தார். வாடிய செடிகளைத் தேற்றுவதில் தேர்ந்த அச்சிறுவனை அக்கம்பக்கத்தார் செடி வைத்தியன் என்றே அழைத்தனர்.

அருகிலிருந்த பள்ளி வெள்ளையருக்கானது. கறுப்பினக் குழந்தைகளுக்கான பள்ளி பல மைல் தொலைவில் நியோஷோ என்னும் ஊரில் இருந்தது. பன்னிரண்டு வயதளவில் ஜார்ஜ் தனியாக நடந்தே அங்குச் சென்றார். மரியா வாட்கின்ஸ் என்னும் பேறுகாலத் தாதி, பிள்ளையற்ற தம் இல்லத்தில் அவருக்கு இடமளித்தார். தம்மைக் ‘கார்வரின் ஜார்ஜ்’ என்று அறிமுகப்படுத்திக்கொண்ட சிறுவனை அந்த அம்மையார் திருத்தினார். இனி அவர் யாருக்கும் உடைமையல்லர், ஜார்ஜ் கார்வர் என்பதே அவர் பெயர் என உணர்த்தினார். பள்ளி இடைவேளையில் ஓடிவந்து சலவைத் தொட்டியருகே நின்று வேலை செய்துகொண்டே பாடம் படிப்பது ஜார்ஜின் வழக்கம். மரியா அவருக்கு ஒரு பைபிளை அளித்தார். அதோடு ஒரு கட்டளையையும் அளித்தார்: கற்க முடிந்த அனைத்தையும் கற்றுக்கொண்டு, பின்னர் அதைத் தன் மக்களுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். தானம் என்பதை ஈகையாக அன்றிக் கடன் தீர்த்தலாகக் காணும் பார்வை அந்தச் சலவைத் தொட்டியருகே அவருள் விதைக்கப்பட்டது.

அதன் பின் கான்சாஸ் மாநிலத்தில் ஊர் ஊராகச் சென்று, சமைத்தும் துவைத்தும் படித்தார். 1879 இல் ஃபோர்ட் ஸ்காட் நகரில் கறுப்பினத்தவர் ஒருவரை வெள்ளையர் கும்பல் கொன்றதைக் கண்ணால் கண்டு, அந்த ஊரையே விட்டு அகன்றார்; அக்காட்சி வாழ்நாள் முழுதும் அவர் நினைவை விட்டு அகலவில்லை. உயர்நிலைப் பள்ளியை முடித்து ஹைலண்டு என்னும் ஊரிலிருந்த கல்லூரிக்கு விண்ணப்பித்தார். அஞ்சல் வழியே அனுமதி கிடைத்தது. நேரில் சென்று நின்றதும், அவரது நிறத்தைக் கண்டு அனுமதி மறுக்கப்பட்டது. அவர் யாரையும் ஏசவில்லை. ஆனால் மீண்டும் ஒரு கல்லூரி வாசலை மிதிக்கப் பல ஆண்டுகள் ஆயின. இடையில் மேற்குக் கான்சாஸின் மரமற்ற சமவெளியில், புல் மண்கட்டிகளால் தம் கையாலேயே குடில் கட்டி விவசாயம் செய்து பார்த்தார். விடாமுயற்சி என்றால் ஒரு கணமும் தளராமை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். கார்வர் தளர்ந்தார், தளர்ந்து கிடந்த காலமும் அவர் வாழ்வில் உண்டு.

அவரை மீண்டும் எழுப்பியது பிறர் அன்பே. அயோவாவின் வின்டர்செட் நகரில் ஓட்டலொன்றில் சமையல் வேலை பார்த்து வந்தபோது, ஒரு ஞாயிறன்று தேவாலயத்தின் பின்வரிசையில் அமர்ந்து பாடினார். பாடற்குழுவை நடத்திய மில்ஹாலண்ட் அம்மையார் அக்குரலைக் கவனித்தார். மருத்துவரான அவர் கணவர் தேடிவந்து இளைஞரைத் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்றார். அத்தம்பதியர் மீண்டும் மீண்டும் வற்புறுத்தியதால்தான் கார்வர் சிம்ப்சன் கல்லூரிக்குச் சென்றார். அவர்களுக்கு அவர் எழுதிய கடிதங்களில் அந்த நன்றியுணர்வு தொடர்ந்து ஒலிக்கிறது.

அக்கல்லூரியில் அவர் எவரிடமும் இலவசமாகப் பணம் பெற மறுத்தார். இதையறிந்த மாணவர்கள் அவர் இல்லாத நேரத்தில் கதவிடுக்கில் நாணயங்களையும் இசைநிகழ்ச்சிச் சீட்டுகளையும் செருகிவிட்டுச் சென்றனர். பெட்டிகளையே மேசையாகவும் நாற்காலியாகவும் பயன்படுத்தி வந்தவர், ஒருநாள் வகுப்பு முடிந்து திரும்பியபோது அறையில் உண்மையான மேசையும் நாற்காலிகளும் இருக்கக் கண்டார். கொடுத்தவர் யாரென்று ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. தாமும் ஒரு மனிதர் என்ற எண்ணம் தமக்கு அங்குதான் உறுதிப்பட்டது என்பதை அவர் கடைசிவரை மறக்கவில்லை. கொடுப்பவன் மறைந்து நின்றால் பெறுபவன் தலைகுனிய வேண்டியதில்லை என்பதை அவர் நூலில் படிக்கவில்லை, அனுபவத்தில் கற்றார்.

ஓவியமே அவரது முதற்காதல். ஆனால் ஓவிய ஆசிரியை எட்டா பட், செடிகளின் மீது அவருக்கிருந்த ஆழ்ந்த அறிவைக் கண்டு, ஏம்ஸ் நகரிலிருந்த வேளாண் கல்லூரிக்கு அவரை நெறிப்படுத்தினார். 1891 இல் அங்குச் சேர்ந்த முதல் கறுப்பின மாணவர் அவர். உணவுக்கூடத்தில் மாணவர்களுடன் உண்ண அனுமதியில்லை; அடித்தளத்தில் வேலையாட்களோடு உண்ண வேண்டும். செய்தியறிந்த இண்டியனோலாவைச் சேர்ந்த லிஸ்டன் அம்மையார், தம் சிறந்த ஆடையை அணிந்து ரயிலேறி வந்து, அன்று முழுவதும் அவருடன் கல்லூரி வளாகத்தைச் சுற்றி, அந்த அடித்தளத்திலேயே அவரருகே அமர்ந்து உண்டார். அதன் பின் நிலைமை மாறத் தொடங்கியது. அவருடைய ஓவியம் ஒன்று, நம் வாசகர்கள் நன்கறிந்த அதே 1893 ஆம் ஆண்டுச் சிகாகோ உலகக் கண்காட்சியில் இடம்பெற்றுப் பாராட்டுப் பெற்றது. 1894 இல் இளங்கலைப் பட்டமும் 1896 இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். கல்லூரியும் அவரைத் தன்னிடமே வைத்துக்கொள்ள விரும்பியது.

அவ்வேளையில் அலபாமாவிலிருந்து அழைப்பு வந்தது. விடுதலை பெற்ற அடிமைகளின் பிள்ளைகளுக்காக டஸ்கீகியில் கல்வி நிலையம் நடத்திய புக்கர் டி. வாஷிங்டன் அவரைத் தம் பணிக்கு அழைத்தார். வசதியான ஆய்வுக்கூடத்தையும் தூரிகையையும் விட்டுவிட்டு, தமக்கு அறிமுகமே இல்லாத தென்மாநிலத்து வறுமைக்குள் செல்ல வேண்டும். கார்வர் சென்றார். சில ஆண்டுகள் மட்டும் கற்பித்துவிட்டு, பணியைப் பிறரிடம் ஒப்படைத்து, ஓவியத்திற்குத் திரும்புவதே அப்போது அவர் எண்ணம். ஆனால் அவர் அங்கு இருந்ததோ வாழ்வின் கடைசி நாற்பத்தாறு ஆண்டுகள்.

ஆய்வுக்கூடம் என்று அங்கு எதுவும் இல்லை. மாணவர்களுடன் குப்பைமேடுகளில் அலைந்து, புட்டிகளையும் உடைந்த பாத்திரங்களையும் பொறுக்கிக் கருவிகளாக்கினார். ஆண்டாண்டாகப் பருத்தியே விளைந்து சத்திழந்த நிலத்தில் தட்டைப்பயறு, சர்க்கரைவள்ளி, நிலக்கடலை ஆகியவற்றை மாற்றிப் பயிரிடக் கற்பித்தார். பயறு வகைகளின் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பதால் உரம் வாங்க வழியற்ற உழவருக்கும் நிலம் உயிர்பெற்றது. ஏழை உழவர் கல்லூரிக்கு வர இயலாததால் 1906 முதல் குதிரை வண்டியொன்று அவர்களைத் தேடிச் சென்றது. எளிய நடையில் சிறுவெளியீடுகளையும் எழுதினார். ஓவியர் அவருள் மறையவில்லை. அலபாமாவின் களிமண்ணிலிருந்தே வண்ணப்பூச்சுகள் செய்து, செலவின்றிக் குடிசைகளை அழகுபடுத்தும் முறையை 1911 இல் வெளியிட்டார். தமக்கென வரைய நேரமற்றுப்போனவர், பிறர் சுவர்களுக்கு நிறம் தந்தார்.

நிலக்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவரே என்று இன்றும் பலர் எழுதுகின்றனர், அது சரியன்று. அவர் மகிமைக்கு அந்தத் தவறான கிரீடம் தேவையுமில்லை. அவரிடம் குறைகளும் இருந்தன. நிருவாகக் கணக்கு அவருக்குக் கைவரவில்லை. கோழிப்பண்ணைப் பொறுப்பில் வாஷிங்டனின் கண்டனத்திற்கு ஆளானார். மனம் புண்பட்டுப் பலமுறை பதவி விலகுவதாக எழுதினார். எழுதினாரேயன்றி விலகவில்லை.

1921 இல் அமெரிக்கக் காங்கிரசின் குழு முன் நிலக்கடலையைப் பற்றிப் பேச அவருக்குப் பத்து நிமிடம் தரப்பட்டது. கிண்டலோடு தொடங்கிய உறுப்பினர்கள், நேரம் முடிந்த பின்பும் பேசும்படி வேண்டிக்கொண்டனர். அதனால் புகழ் பெருகியது. ஆலோசனை கேட்டு மடல்கள் குவிந்தன. பதில்களுக்கு அவர் கூலி வாங்கவில்லை. தம் வாழ்நாளில் அவர் பெற்ற காப்புரிமைகள் மூன்றே. ஆடைகளை ஒட்டுப்போட்டு அணிந்தார். ஆனால் சட்டைமேல் நாள்தோறும் ஒரு புதுமலர் இருக்கும். விடியலுக்கு முன் எழுந்து காட்டினுள் நடப்பார். தாம் கண்டறிந்தவை அந்த மௌன வேளையில் இறைவன் காட்டியவை என்றே நம்பினார். மாணவர்களின் வேண்டுகோளுக்கிணங்கித் தொடங்கிய ஞாயிறு பைபிள் வகுப்பைப் பல்லாண்டுகள் நடத்தினார். மணம் செய்துகொள்ளவில்லை.

ஊதியத்தின் பெரும்பகுதி செலவாகாமலே சேர்ந்தது. 1940 இல் இளம் ஆய்வாளர்களுக்கென ஓர் அறக்கட்டளையை நிறுவி, தம் சேமிப்பை அதற்கே அளித்தார். மொத்தம் ஏறத்தாழ அறுபதாயிரம் டாலர். ஒரு காலத்தில் கதவிடுக்கில் செருகப்பட்ட நாணயங்களில் வாழ்ந்தவரின் கொடை அது.

1943 ஜனவரி 5 அன்று டஸ்கீகியில் அவர் மறைந்தார். வாஷிங்டனின் கல்லறை அருகிலேயே அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. முகம் நினைவில் இல்லாத தாயின் பொருளாக அவர் பேணிவந்தது ஒரு நூற்புச் சக்கரம்; ஊர் ஊராக அலைந்த அந்த வாழ்வின் இறுதிவரை அது அவரிடம் இருந்தது.