முதலில் நிராகரிப்பு, 26 வயதில் மரணம்: '10 சதவீத விதி' லிண்ட்மேன் யார்?

உயிரியல் பாடத்தில் '10 சதவீத விதி'ன்னு படிச்சிருப்பீங்க. புல்லில் இருக்கும் ஆற்றலில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் வெட்டுக்கிளிக்குப் போகும், அதிலும் பத்தில் ஒரு பங்குதான் தவளைக்கு. இந்த விதியுடன் வரும் பெயர் லிண்ட்மேன், ஆண்டு 1942. ஆனா, அந்தக் கட்டுரை அச்சில் வந்தபோது எழுதியவர் உயிரோடு இல்லை.

யார் இவர்?

ரேமண்ட் லிண்ட்மேன் 1915-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் பிறந்தவர். விவசாயக் குடும்பம். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக அவர் எடுத்துக்கொண்டது சீடர் பாக் என்ற சின்ன ஏரி. ஆழம் சுமார் 1 மீட்டர்தான். மெல்லத் தூர்ந்து சதுப்பாக மாறிக்கொண்டிருந்த ஏரி அது. மனைவி எலினாரின் துணையோடு 5 வருஷம் அதில் பாசி முதல் மீன் வரை ஆராய்ந்தார்.

என்ன கண்டுபிடித்தார்?

உயிரினங்களைப் பட்டியல் போடுவதோடு அவர் நிற்கவில்லை. எது எங்கே வாழுது, எதைத் தின்னுதுன்னு பார்த்துப் பிரித்தார். தண்ணீரில் மிதக்கும் நுண்பாசிகளில் தொடங்குவது ஒரு பாதை. நீர்ச்செடிகளில் தொடங்கி, அவற்றை மேயும் பூச்சி புழுக்கள், அடித்தரையில் வேட்டையாடும் உயிரிகள் எனப் போவது இன்னொரு பாதை. நீந்தி வேட்டையாடும் பெரிய உயிரிகளிடம் இரண்டும் சேர்கின்றன. நடுவில் இருப்பது சேறு. செத்தது எல்லாம் அங்கேதான் போகும். பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்து மறுபடி சத்தாக்கும்.

அடுத்து, ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு ஆற்றல் போகுதுன்னு கணக்குப் போட்டார். அந்த ஏரியில் தாவர உண்ணிகளுக்கு 13.3 சதவீதம், அவற்றைத் தின்பவைக்கு 22.3 சதவீதம். 10 சதவீதம் என்பது பின்னாளில் எளிமையாகச் சொல்லப்பட்ட தோராயம்தான்.

ஏன் நிராகரித்தார்கள்?

1941-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஹட்சின்சன் என்ற விஞ்ஞானியிடம் சேர்ந்த லிண்ட்மேன், கட்டுரையை 'எகாலஜி' இதழுக்கு அனுப்பினார். மதிப்பிட்ட இருவரும் ஏரி ஆய்வில் மூத்தவர்கள். தரவு குறைவு, கோட்பாடு அதிகம் என்று இருவரும் வேண்டாம் என்றனர். ஹட்சின்சன் விடவில்லை, இதழாசிரியர் தாமஸ் பார்க்குக்குக் கடிதம் எழுதி வாதாடினார். திருத்திய கட்டுரையை பார்க் ஏற்றுக்கொண்டார்.

ஆனால் லிண்ட்மேனின் கல்லீரல் கெட்டுக்கொண்டே வந்தது. 1942 ஜூன் 29-ல் இறந்தார். வயது 26. கட்டுரை வெளியானது அக்டோபரில்.

இன்னைக்கு என்ன பயன்?

காட்டில் மான்கள் கூட்டமாகவும், புலிகள் ஒன்றிரண்டாகவும் இருப்பது ஏன்? படிக்குப் படி ஆற்றல் குறைவதால்தான். புலியைக் காப்பாத்தணும்னா முதலில் மானையும் புல்லையும் காப்பாத்தணும் என்பதற்கான கணக்கு, இடுப்பளவு ஆழமே இருந்த அந்த ஏரியில் போட்டதுதான்.