டிராக்டருக்குப் பின்னால் மூன்று கைகள்: ஹாரி பெர்குசன் வாழ்க்கை

செம்பனைத் தோட்டத்தில் உரம் தூவும் டிராக்டரின் பின்பக்கத்தைக் கவனித்தால், கீழே இரண்டு, மேலே ஒன்று என மூன்று இரும்புக் கைகள் உரத் தொட்டியைத் தாங்கிப் பிடித்திருப்பதைக் காணலாம். நெல் வயலில் சேற்றைக் கலக்கும் சுழல் கலப்பையையும், சாலையோரம் புல் வெட்டும் கருவியையும் பெரும்பாலும் அதே மூன்று கைகள்தான் தாங்குகின்றன. எந்த நாட்டில், எந்த நிறுவனம் செய்த டிராக்டராக இருந்தாலும் இந்த அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

இதை உருவாக்கியவர் ஹாரி பெர்குசன். மாஸி பெர்குசன் என்று டிராக்டரின் மூக்கில் எழுதியிருக்கும் பெயரில் பாதி அவருடையது. பெயரை அறிந்தவர்கள் பலர். அதற்குப் பின்னால் இருந்த மனிதரை அறிந்தவர்கள் குறைவு.

குதிரைக் கலப்பையும் சைக்கிள் பட்டறையும்

வடக்கு அயர்லாந்தின் டிரோமோர் ஊருக்கு அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1884 நவம்பர் 4-ஆம் நாள் பெர்குசன் பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் நான்காவது பிள்ளை. 14 வயதிலேயே பள்ளியை விட்டு அப்பாவின் நிலத்தில் வேலைக்கு இறங்கினார். மெலிந்த உடம்பு. குதிரைக்குப் பின்னால் நாள் முழுவதும் நடக்கும் வேலை அவருக்கு ஒத்துவரவில்லை.

கனடாவுக்குக் கப்பல் ஏறிவிடலாம் என்றுகூட எண்ணியிருந்தார். 1902-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் சைக்கிள், கார் பழுதுபார்க்கும் பட்டறை நடத்திவந்த அண்ணன் ஜோ, தம்பியைத் தம்மிடம் சேர்த்துக்கொண்டார். இரும்பும் இயந்திரமும் கைக்குப் பிடிபட்டபின் பெர்குசன் வேறு ஆளாக மாறினார். தாமே ஒரு விமானத்தை உருவாக்கி, 1909 டிசம்பர் 31-ஆம் நாள் பலத்த காற்றுக்கிடையே சுமார் 120 மீட்டர் பறந்தார். அயர்லாந்து மண்ணில் இயந்திர விமானம் பறந்தது அதுவே முதல் முறை.

1911-இல் சொந்தமாகக் கார் வணிகம் தொடங்கினார். அந்தக் கடையில் வேலைக்கு வந்த வில்லி சாண்ட்ஸ் என்ற மெக்கானிக், பிறகு அவருடைய பல கண்டுபிடிப்புகளுக்கு வடிவம் கொடுத்த கைகளுக்குச் சொந்தக்காரர் ஆனார். யோசனை பெர்குசனுடையது என்றால், அதை இரும்பில் செய்து காட்டியதில் சாண்ட்ஸின் பங்கு பெரிது.

உயிர் குடித்த டிராக்டர்

முதல் உலகப் போரின்போது பிரிட்டனிலும் அயர்லாந்திலும் உணவுத் தட்டுப்பாடு அச்சுறுத்தியது. டிராக்டர்களை நல்ல முறையில் பயன்படுத்த விவசாயிகளுக்கு வழிகாட்டும் பணியை 1917-இல் அயர்லாந்து விவசாய வாரியம் பெர்குசனிடம் ஒப்படைத்தது. அவரும் சாண்ட்ஸும் ஊர் ஊராகச் சென்று டிராக்டர்களையும் கலப்பைகளையும் பார்த்தார்கள்.

அவர்கள் கண்ட குறை இயந்திரத்தில் இல்லை, இணைப்பில் இருந்தது. குதிரைக்குப் பின்னால் கட்டியதைப் போலவே கலப்பையை டிராக்டருக்குப் பின்னால் கட்டி இழுத்தார்கள். டிராக்டர் தனி, கலப்பை தனி. சக்கரம் மண்ணைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக டிராக்டரை மேலும் மேலும் கனமாகச் செய்தார்கள். அந்தக் கனம் மண்ணை இறுக்கியது.

இதைவிடப் பெரிய ஆபத்தும் இருந்தது. கலப்பை ஒரு பாறையிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் பின்சக்கரம் நின்றுவிடும், இயந்திரமோ சுழன்றுகொண்டே இருக்கும். அந்த விசையில் டிராக்டரின் முன்பகுதி மேலே கிளம்பி, அப்படியே பின்னால் கவிழும். ஓட்டுநர் குதித்துத் தப்ப நேரம் இருக்காது. அந்தக் காலத்தில் பரவலாக விற்ற ஃபோர்ட்சன் டிராக்டர்களில் இப்படி ஓட்டுநர்கள் பலர் நசுங்கி இறந்தார்கள்.

முக்கோணத்தின் பலம்

டிராக்டரும் கலப்பையும் ஒரே உடம்பாக வேலை செய்ய வேண்டும் என்பதே பெர்குசன் கண்ட தீர்வு. கீழே இரண்டு கைகள் கருவியை இழுக்கும். மேலே உள்ள ஒரு கை அதை நிமிர்த்திப் பிடிக்கும். உழும்போது மண் கலப்பையைப் பின்னுக்கு இழுக்க, கலப்பையின் சட்டம் முன்னோக்கிச் சாயப் பார்க்கும். அப்போது மேல் கை டிராக்டரை முன்னால் தள்ளும். அந்தத் தள்ளுதல் முன்சக்கரங்களைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும். முன்பு டிராக்டரைக் கவிழ்த்த அதே விசை, இப்போது அதைக் கவிழாமல் காத்தது.

அதோடு ஹைட்ராலிக் அமைப்பையும் இணைத்தார். 1926-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. மண் இறுகி இழுவை கூடும்போது மேல் கையின் அழுத்தம் ஒரு வால்வை நகர்த்தும். கலப்பை தானாகச் சற்று உயரும், அதன் பாரம் பின்சக்கரங்களின் மேல் ஏறும். சக்கரத்துக்குப் பிடிப்பு எப்போது தேவையோ அப்போது பாரமும் வந்து சேரும். ஆகவே கனமான டிராக்டர் தேவைப்படவில்லை.

தோட்டத்துப் பட்டறைகளில் பழைய இரும்பை வெட்டி, இந்த மூன்று கைகளில் மாட்டும் சட்டங்களை வெல்டிங் செய்பவர்களுக்கு இந்தக் கணக்கு முக்கியம். உழும்போது மேல் கை தள்ளுகிறது. கருவியைத் தூக்கியதும் அதே கை இழுக்கிறது. நாள் முழுவதும் இப்படி மாறி மாறி விசை ஏறுவதால், நிமிர்ந்து நிற்கும் தூண்களை வெறும் வெல்டிங் கோட்டை மட்டும் நம்பி நிறுத்தினால் அடியில் விரிசல் விடும். தூண்களின் உச்சியிலிருந்து சட்டத்தின் பின்பகுதிக்குச் சாய்வாக முட்டுக் கொடுத்து, மூலைகளில் முக்கோணத் தகடு வைத்துப் பற்ற வைத்தால்தான் சட்டம் தாங்கும். இணைப்பு ஆணிக்கு ஒரு பக்கம் மட்டும் தகடு வைக்காமல் இரு பக்கமும் வைத்தால் ஆணி வளையாது. சிறிய டிராக்டர்களுக்கான முதல் வகை அளவில் கீழ் ஆணி 22 மில்லிமீட்டர், மேல் ஆணி 19 மில்லிமீட்டர். இந்த அளவு பொதுவானது என்பதால், ஒரு பட்டறையில் சரியாகச் செய்த சட்டம் அந்த வகையைச் சேர்ந்த வேறு டிராக்டரிலும் பொருந்தும்.

ஒன்றை மட்டும் செய்யக்கூடாது. மேல் கை மாட்டும் இடத்தில் சங்கிலி கட்டி மரத்தையோ, சேற்றில் சிக்கிய வண்டியையோ இழுக்கக்கூடாது. இழுக்கும் இடம் பின் அச்சுக்கு மேலே இருந்தால், பெர்குசன் எதைத் தடுக்கப் பாடுபட்டாரோ அதே விபத்து திரும்பவும் நேரும்.

கை குலுக்கி முடித்த ஒப்பந்தம்

கண்டுபிடிப்பு நன்றாக இருந்தாலும் அதை விற்பது எளிதாக இல்லை. ஃபோர்ட்சன் டிராக்டருக்கான கலப்பையை அமெரிக்காவில் விற்றுவந்தார். 1928-இல் ஃபோர்டு நிறுவனம் அங்கே ஃபோர்ட்சன் தயாரிப்பையே நிறுத்தியதும் அந்த வணிகம் ஆட்டங்கண்டது. அடுத்தவர் டிராக்டரை நம்பியிருக்க முடியாது என்று முடிவு செய்து, 1933-இல் கறுப்பு வண்ணம் பூசிய சொந்த டிராக்டர் ஒன்றை உருவாக்கினார். 1936-இல் டேவிட் பிரவுன் என்ற தொழிலதிபரோடு சேர்ந்து அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். விலை 224 பவுண்டு, கருவிகளுக்குத் தனிக் கட்டணம். சுமார் 1,350 டிராக்டர்கள்தான் விற்றன. கூட்டாளிகளுக்குள் கருத்து வேறுபாடும் வளர்ந்தது.

1938 அக்டோபரில் பெர்குசன் தம் டிராக்டரை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், ஹென்றி ஃபோர்டின் வீட்டு நிலத்தில் உழுது காட்டினார். ஃபோர்டும் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பார்த்ததும் அதன் அருமை அவருக்குப் புரிந்தது. ஃபோர்டு தயாரிப்பது, பெர்குசன் விற்பது என்று இருவரும் கை குலுக்கி முடிவு செய்தார்கள். எழுத்தில் ஒரு வரிகூட இல்லை.

1939 ஜூனில் புதிய டிராக்டர் வெளிவந்தது. சில ஆண்டுகளில் மூன்று லட்சத்துக்கும் மேல் விற்பனையானது. ஆனால் 1945-இல் நிறுவனப் பொறுப்பு ஃபோர்டின் பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்டிடம் சென்றது. இந்த ஏற்பாட்டில் நிறுவனத்துக்கு நட்டம் என்று கருதிய அவர், அதை முடித்துக்கொள்வதாக 1946-இல் அறிவித்தார். 1947 ஏப்ரலில் முதியவர் ஃபோர்டு காலமானார். அதே ஆண்டு ஃபோர்டு நிறுவனம் புதிய டிராக்டரை வெளியிட்டது. அதன் பின்னாலும் அதே மூன்று கைகள் இருந்தன.

நீதிமன்றத்தில் நான்கு ஆண்டுகள்

1948-இல் 25 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு கேட்டு பெர்குசன் வழக்குத் தொடுத்தார். உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றைத் தனி மனிதர் ஒருவர் எதிர்த்து நின்ற அந்த வழக்கு நான்கு ஆண்டுகள் இழுத்தது. 1952 ஏப்ரலில் 92 லட்சத்து 50 ஆயிரம் டாலர் பெற்றுக்கொண்டு சமரசம் செய்தார். கேட்டதில் அது மிகச் சிறு பகுதி. அதற்குள் அவருடைய முக்கியக் காப்புரிமைகள் சில காலாவதியாகியிருந்தன. மூன்று கை இணைப்பைப் பிற நிறுவனங்களும் தங்கள் டிராக்டர்களில் பொருத்தத் தொடங்கின.

வழக்கு நடந்த காலத்திலும் அவர் சும்மா இருக்கவில்லை. 1946 முதல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில், ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் தொழிற்சாலையில் சாம்பல் நிறச் சிறிய டிராக்டர்கள் உருவாயின. 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் வெளிவந்தன. எவரெஸ்ட் சிகரம் ஏறிய எட்மண்ட் ஹிலாரியின் குழு, 1958 ஜனவரியில் தென் துருவத்தை அடைந்தது இந்த டிராக்டர்களில்தான்.

1953-இல் தம் நிறுவனத்தை கனடாவின் மாஸி ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைத்தார். விலையில் பத்து லட்சம் டாலர் வேறுபாடு வந்தபோது, நாணயத்தைச் சுண்டித் தீர்த்துக்கொள்ள இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. பெர்குசன் தோற்றார். ஒத்துப்போக முடியாமல் அடுத்த ஆண்டே அங்கிருந்து விலகினார். 1958-இல் அந்த நிறுவனம் மாஸி பெர்குசன் என்ற பெயரை ஏற்றது.

1960 அக்டோபர் 25-ஆம் நாள் இங்கிலாந்தில் உள்ள தம் இல்லத்தில் 75-ஆவது வயதில் பெர்குசன் காலமானார். அதே 1960-இல், மாஸி பெர்குசன் கூட்டுறவோடு டிராக்டர் தயாரிக்கும் டாஃபே நிறுவனம் சென்னையில் தொடங்கப்பட்டது. தமிழக வயல்களுக்கு அவர் பெயர் தாங்கிய டிராக்டர்கள் அந்த வழியாகவே வந்தன.

சிறு விவசாயியும் வாங்கக்கூடிய, ஓட்டுபவர் உயிரோடு வீடு திரும்பக்கூடிய டிராக்டரை உருவாக்கவே அவர் பல ஆண்டுகள் உழைத்தார். இன்று தோட்டத்தில் டிராக்டரை ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் அந்த மூன்று கைகள் அந்த உழைப்பின் மிச்சம்.