செடியின் தாகத்தை அளந்தவர்

நீர் ஊற்ற மறந்த தொட்டியில் நிற்கும் துளசி, வெயில் ஏற ஏறத் தலை சாய்க்கும். இலை துவண்டதைக் கண்ட பிறகே செடிக்குத் தாகம் என்று நாம் அறிகிறோம். ஆனால் அத்தாகம் தொடங்கிய நேரம் எது? கண்ணுக்குப் புலனாகாத அந்த நேரத்தைச் செடியைக் கொண்டே எழுதச் செய்தவர் வங்க அறிவியலாளர் ஜகதீச சந்திர போஸ் ஆவார்.

அவர் 1858 நவம்பர் 30 அன்று, இன்று வங்காளதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் அரசு அலுவலர். பதவியில் இருந்தோர் தம் மைந்தரை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதைப் பெருமையாகக் கருதிய காலம் அது. பகவான் சந்திரரோ, பிள்ளை முதலில் தாய்மொழியை அறிய வேண்டும் என்று எண்ணி, மகனை வங்கமொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே ஒரு பக்கத்தில் மீனவர் ஒருவரின் மகனும் மறுபக்கத்தில் தந்தையின் ஏவலரின் மகனும் அமர்ந்திருந்தனர். பறவைகளையும் விலங்குகளையும் நீர்வாழ் உயிர்களையும் பற்றி அத்தோழர்கள் கூறிய கதைகளைச் சிறுவன் வியந்து கேட்டான். இயற்கையை ஆராயும் விருப்பம் அங்கேதான் முளைத்தது எனப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார்.

கல்கத்தாவிலும் பின்னர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலும் பயின்று திரும்பிய போஸ், 1885இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் பொறுப்பை ஏற்றார். அதே பணியைச் செய்த ஐரோப்பியருக்குக் கிடைத்த ஊதியம் இந்தியருக்குக் கிடைக்கவில்லை. அவர் வேலையை விடவில்லை, வாதிட்டுக்கொண்டும் இருக்கவில்லை. மூன்று ஆண்டுகள் ஒரு காசும் பெறாமல் வகுப்பெடுத்தார். குடும்பத்திற்கோ கடன் சுமை இருந்தது. இறுதியில் நிருவாகம் இணங்கி, முழு ஊதியத்தையும் பழைய நிலுவையோடு வழங்கியது. இடைப்பட்ட 1887இல் அவர் மணந்த அபலா, முன்னர்ச் சென்னைக்கு வந்து மருத்துவக் கல்வி பயின்றவர். உடல்நலம் குன்றியதால் அவர் படிப்பை முடிக்க இயலவில்லை.

போஸ் முதலில் புகழ்பெற்றது மின்காந்த அலைகளைப் பற்றிய ஆய்வினால். கம்பியின்றி அலையை அனுப்பித் தொலைவில் இருந்த மணியை ஒலிக்கச் செய்து, 1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் கூடியிருந்தோரை வியப்பில் ஆழ்த்தினார். அத்துறையிலேயே நிலைத்திருந்தால் பெரும்பொருள் ஈட்டியிருக்கலாம். அவர் மனமோ செடிகளின்பால் திரும்பியது.

செடி பேசாது, அசைவதும் அரிது. தொட்டாற்சுருங்கி, தானே அசையும் சிற்றிலைகளை உடைய தொழுகண்ணி போன்ற சில செடிகளே அசைவைக் கண்ணுக்குக் காட்டும். ஏனைய செடிகளில் வளர்ச்சிதான் அசைவு. அது மிக மெதுவானது. அதை அளக்க அவர் அமைத்த கருவிக்குக் கிரெஸ்கோகிராஃப் என்று பெயர். செடியின் நுனி மெல்லிய நெம்புகோல் ஒன்றுடன் இணைக்கப்படும். அந்நெம்புகோல் மற்றொரு நெம்புகோலை அசைக்கும். இரண்டாவதன் முனை, கரிப்புகை படிந்த கண்ணாடித் தகட்டைச் சீரான இடைவெளியில் தொட்டு, புள்ளி வைத்துச் செல்லும். இவ்வாறு அசைவு பத்தாயிரம் மடங்கு பெரிதாகிறது. செடி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு வளர்ந்தாலும் தகட்டில் அது ஒரு சென்டிமீட்டராகத் தெரியும். புள்ளிகள் விலகியிருந்தால் வளர்ச்சி விரைவு, நெருங்கியிருந்தால் தளர்ச்சி. இத்தகைய நுண்கருவிகளை வெளிநாட்டிலிருந்து வரவழைக்காமல் உள்ளூர்க் கைவினைஞரைக் கொண்டே அவர் செய்வித்தார் என்பது கருதத்தக்கது.

இக்கருவியில் அவர் கோரை இனத்துச் செடி ஒன்றை நீரின்றி வாட விட்டார். புள்ளிகள் நெருங்கின. வேருக்கு நீர் வார்த்ததும் அவை மீண்டும் விலகத் தொடங்கின. குளிர்ந்த நீரைவிட வெதுவெதுப்பான நீர் வளர்ச்சியை விரைவாகத் தூண்டியது. இதற்குக் காரணம் செடியின் செல்களில் உள்ளது. நீர் நிறைந்த செல், காற்றடைத்த பந்துபோல் விறைப்பாக இருக்கும். அவ்விறைப்பே இளஞ்செல்லை விரியச் செய்கிறது, அவ்விரிவே வளர்ச்சி. நீர் குறைந்தால் முதலில் தளர்வது வளர்ச்சிதான். இலை துவள்வது அதன் பின்னரே. நீர் அளவு மிஞ்சினாலும் தீங்கு உண்டு. நீரை மிகுதியாக உறிஞ்சிய தொட்டாற்சுருங்கி உணர்ச்சி மந்தமாகி நிற்பதையும், மிகுநீரை வெளியேற்றியபின் அது உணர்ச்சி மீள்வதையும் அவர் பதிவு செய்தார்.

1917ஆம் ஆண்டு தம் பிறந்தநாளன்று, கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். மூன்றாண்டுகளில் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. எனினும் ஐயுறுவோர் குறையவில்லை. செடிக்கும் விலங்கைப் போன்ற உணர்வு உண்டு என்று அவர் பேசியதைப் பலர் மிகையெனக் கருதினர். அக்கருத்தில் நியாயமும் இருந்தது.

வேரில் உறிஞ்சிய நீர் உயர்ந்த மரத்தின் உச்சிக்கு எவ்வாறு ஏறுகிறது? 1923இல் வெளியிட்ட நூலில் போஸ் இவ்வினாவுக்கு விடை கூறினார். மெல்லிய மின்முனையைத் தண்டினுள் சிறிது சிறிதாகச் செலுத்தி, உட்புறணிச் செல்கள் துடிப்பதைக் கண்டதாகவும், இதயம் குருதியைத் தள்ளுவதுபோல அவை நீரை மேலே தள்ளுவதாகவும் விளக்கினார். அவ்விளக்கம் நிலைக்கவில்லை. இலைத்துளைகள் வழியே நீராவி வெளியேறும்போது, சைலக் குழாய்களில் அறுபடாத நீர்த்தொடர் மேல்நோக்கி இழுக்கப்படுகிறது என்று டிக்சனும் ஜோலியும் 1894இலேயே கூறியிருந்தனர். அறிவியல் உலகம் ஏற்றது அதனையே. கருவியை அமைப்பதில் ஒப்பற்றவராய் இருந்தவர், கருவி காட்டியதற்குப் பொருள் கொள்வதில் சில வேளை எல்லை கடந்தார்.

1937 நவம்பர் 23 அன்று, இன்றைய ஜார்க்கண்டில் உள்ள கிரிதியில் போஸ் காலமானார். 1965இல் ஷோலாண்டர் என்பாரும் அவர்தம் துணைவரும் மரத்தினுள் நிகழும் இழுவிசையையே அளந்து காட்டினர். வெட்டிய சிறுகிளையை உலோகக் கலத்தில் அடைத்து, வெட்டுமுனை மட்டும் வெளியே தெரியுமாறு வைத்து, உள்ளே வளிமத்தைச் செலுத்துவர். வெட்டுமுனையில் நீர் கசியத் தொடங்கும் அழுத்தமே அக்கிளை பட்ட தாகத்தின் அளவு. உவர்நீரில் நிற்கும் அலையாத்தி மரங்களில் அது வளிமண்டல அழுத்தத்தைப்போல் முப்பது மடங்கிற்கும் மேலாக இருந்தது. திராட்சைத் தோட்டங்களில் எப்போது நீர் பாய்ச்சுவது என்பதை இக்கலத்தைக் கொண்டு, இலை துவளும் முன்னரே முடிவு செய்கின்றனர்.