தூக்கத்தைத் தொலைத்த இசை மேதை

1854-ம் ஆண்டு, பிப்ரவரி மாதம். ஜெர்மனியில் டுஸல்டார்ப் நகரம். நடு இரவு.

ஒருவர் படுக்கையை விட்டு எழுந்தார். தேவதூதர்கள் பாடுவதாக அவருக்குத் தோன்றியது. கேட்ட மெட்டை அப்படியே எழுதி வைத்தார். பல நாளாக அவருக்குச் சரியான தூக்கம் இல்லை.

அவர்தான் இசை மேதை ராபர்ட் ஷூமன்.

காதல் வென்றது

ஷூமன் 1810-ல் பிறந்தார். தந்தை புத்தக வியாபாரி. பியானோ வாசிப்பதில் ஷூமனுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் வலது கை விரல் கெட்டுப் போனது. எனவே, இசை எழுதத் தொடங்கினார்.

ஆசிரியரின் மகள் கிளாராவைக் காதலித்தார். ஆசிரியர் சம்மதிக்கவில்லை. வழக்கு கோர்ட்டுக்குப் போனது. காதலர்கள் வென்றார்கள். 1840-ல் திருமணம் நடந்தது. அந்த ஒரே ஆண்டில் நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களுக்கு இசை அமைத்தார்!

மேடும் பள்ளமும்

1841 ஜனவரியில் ஒரு சிம்பொனி முழுவதற்கும் நான்கே நாளில் வடிவம் கொடுத்தார். அந்த இரவுகளில் அவர் தூங்கவில்லை.

1844-ல் எல்லாம் தலைகீழாக மாறியது. சோர்வும் பயமும் அவரை வாட்டின. பேனாவைத் தொட மனம் இல்லை. 1849-ல் மறுபடியும் இசை வெள்ளமாய்ப் பெருகியது.

நதியில் குதித்தார்

தேவதூதர் மெட்டை எழுதிய பத்தாம் நாள் ரைன் நதியில் குதித்து விட்டார். படகுக்காரர்கள் காப்பாற்றினார்கள். பிறகு மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கிளாரா அப்போது கர்ப்பிணி. பிறந்த மகனை ஷூமன் பார்க்கவே இல்லை. 1856-ல், 46-வது வயதில் இறந்தார்.

என்ன நோய்?

வேறு காரணம் சொல்வோரும் உண்டு. ஆனால், இது 'இருமுனை மனநோய்' என்பது டாக்டர்கள் பலரின் கருத்து. சில காலம் அளவு மீறிய உற்சாகம். சில காலம் ஆழ்ந்த சோர்வு. இதுவே அந்த நோய்.

நம் மூளைக்குள் ஒரு கடிகாரம் உண்டு. காலை வெளிச்சம் அதைச் சரிப்படுத்துகிறது. இந்த நோய் உள்ளவர்களுக்கு அந்தக் கடிகாரம் எளிதில் தடுமாறும். தூக்கம் குறைவது பல சமயம் நோய் வருவதற்கு முன் அறிவிப்பு. தூக்கம் கெட்டதாலேயே நோய் கிளம்புவதும் உண்டு.

1949-ல் 'லித்தியம்' இந்த நோய்க்கு மருந்தாகக் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று வேறு மருந்துகளும் உள்ளன. மருந்தோடு, தினமும் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழுந்தால் நல்ல பலன் கிடைக்கும்.

உங்கள் வீட்டில் ஒருவர் பல நாள் தூங்காமலே துள்ளித் திரிகிறாரா? சுறுசுறுப்பு என்று மகிழ்ந்து விடாதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

ஷூமன் வீட்டிலும் அந்த அபாய மணி அடித்தது. அதன் பொருள் அன்று யாருக்கும் தெரியவில்லை.