ஏமி கார்மைக்கல் அம்மையார்



அயர்லாந்தின் வடபகுதியில், மில்லைல் என்னும் கடலோரச் சிற்றூரில் 1867 ஆம் ஆண்டு பிறந்தவர் ஏமி கார்மைக்கல். தாயாரின் நீலக் கண்கள் போன்று தமக்கும் வேண்டுமென மூன்று வயதில் ஓரிரவு இறைவனை வேண்டி உறங்கினார். விடிந்ததும் கண்ணாடி முன் ஓடினார். கண்கள் பழைய மண்ணிறமாகவே இருந்தன. குழந்தை கலங்கிற்று. மறுப்பும் இறைவன் தரும் விடையே என்று தேறிற்று.

நிறத்தையும் தலைமுடியையும் எண்ணிக் கண்ணாடி முன் நொந்துகொள்ளும் பிள்ளைகளை எமது வகுப்பிலும் கண்டிருக்கிறோம். ஆதலின் இதனைச் சற்றே விரித்துரைத்தோம்.

உடல்நலமும் அவருக்கு வாய்க்கவில்லை. சீனா செல்லும் விருப்பத்தை மருத்துவர் தடுத்தனர். 1893 இல் யப்பான் சென்று, நோயுற்றுத் திரும்பினார். 1895 இல் இந்தியா வந்து, தமிழ் பயின்று, 1901 முதல் திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் வாழ்ந்தார். அவ்வாண்டு, கோயிற் பணிக்கென விடப்பட்ட ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். பின்னர் நூற்றுக்கணக்கான குழந்தைகள் அவரைத் தாயாகக் கொண்டனர். அத்தகைய குழந்தைகளைத் தேடி அம்மையார் சேலை உடுத்து, தோலில் நிறம் பூசிச் செல்வாராம். நீலக் கண்கள் அவரைக் காட்டிக் கொடுத்திருக்கும்!

1931 இல் குழியொன்றில் வீழ்ந்து கால் முறிந்தது. எஞ்சிய ஆண்டுகள் பெரும்பாலும் அறைக்குள்ளேயே கழிந்தன. அங்கிருந்தே பல நூல்கள் எழுதினார். 1951 இல் மறைந்தார். கல்லறைக்கல் வேண்டாமென்று கூறியிருந்தமையால், பறவைகள் நீரருந்தும் தொட்டியொன்றைப் பிள்ளைகள் அவ்விடத்தே வைத்து, தாயைக் குறிக்கும் ஒரு சொல்லை மட்டும் அதிற் பொறித்தனர்.