ராய் ஹண்டர்: வீட்டுக் குழாய்க்குக் கணக்கு வகுத்தவர்

காலை 7 மணிக்கு மேல்மாடி ஷவரில் தண்ணீர் நூல்போல் வருகிறது என்ற குறை அடுக்ககங்களில் வழக்கமாக எழுவதுதான். பெரிய பைப்பாக மாற்றிவிடலாம் என்ற பேச்சும் கூடவே வரும். எத்தனை குழாய்களுக்கு எவ்வளவு பெரிய பைப் வேண்டும் என்பதற்கு, இன்றும் பல நாடுகளில் பயன்படும் கணக்கைத் தந்தவர் அமெரிக்கரான ராய் பி. ஹண்டர். பிளம்பிங் துறையில் அவர் பெயரைக் கேள்விப்படாத பொறியாளர்கள் குறைவு.

வாஷிங்டனில் இருந்த நேஷனல் பீரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸ் என்ற அரசு நிறுவனத்தில் ஹண்டர் பணியாற்றினார். முதல் உலகப் போருக்குப் பின் அங்கே வீடுகளுக்குப் பெரும் தட்டுப்பாடு. ஊருக்கு ஊர் பிளம்பிங் விதிகள் வேறாக இருந்ததால் கட்டுமானச் செலவும் கூடியது. அப்போது வர்த்தக அமைச்சராக இருந்து, பின்னாளில் அதிபரான ஹெர்பர்ட் ஹூவர், பொது விதிகளை உருவாக்கக் குழு அமைத்தார். அதற்கான கழிவுநீர்க் குழாய்ச் சோதனைகளை ஹண்டர் நடத்தினார். வாஷ்பேசினிலிருந்து வெளியேறும் நீரை, அதாவது நிமிடத்துக்குச் சுமார் 28 லிட்டரை, ஓர் அளவாக வைத்து மற்ற சாதனங்களை அதோடு ஒப்பிட்டார்கள். அதுதான் ஃபிக்ஸ்சர் யூனிட்.

அவருக்கு அழியாப் புகழ் தந்தது 1940இல் வெளியான அறிக்கை. கட்டடத்தின் எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் யாரும் திறப்பதில்லை. அப்படியானால் எத்தனை திறந்திருக்கும் என்று எதிர்பார்க்கலாம்? இதற்கு விடை காண நிகழ்தகவுக் கணக்கைக் கையில் எடுத்தார். ஒரு ஃபிளஷ் டேங்க் நிரம்ப 60 விநாடி ஆகும். நெரிசலான நேரத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அது பயன்படும் என்று வைத்துக்கொண்டார். அப்படியானால் எந்த நொடியிலும் அது நிரம்பிக்கொண்டிருக்க ஐந்தில் ஒரு வாய்ப்பு. நூற்றில் 99 பங்கு நேரத்துக்குப் போதுமான பைப் இருந்தால் சரி என்பது அவர் வகுத்த எல்லை.

இதன்படி 10 டேங்குகள் இருந்தால் 5 டேங்குகளுக்குத் தண்ணீர் ஓடும் அளவுக்குப் பைப் வேண்டும். 100 டேங்குகளுக்கோ 50 அல்ல, 30க்கு இருந்தால் போதும். ஆட்கள் பெருகப் பெருக நெரிசல் பரவிவிடுகிறது. பெரிய கட்டடத்தின் பைப்பை அதே விகிதத்தில் குறைத்துச் சிறிய பிளாக்குக்குப் போட்டால் தட்டுப்பாடு வருவது இதனால்தான்.

இன்னொன்றையும் காட்டினார். டேங்க் இல்லாத ஃபிளஷ் வால்வும் அதே 15 லிட்டரைத்தான் எடுக்கிறது. ஆனால் 9 விநாடியில் எடுத்துவிடுகிறது. எனவே அதற்கு 10 யூனிட், டேங்குக்கு 5, குளியல் தொட்டிக்கு 4 என்று மதிப்பிட்டார். யூனிட்டுகளைக் கூட்டி ஒரு வரைபடத்தில் பார்த்தால் தேவையான நீரோட்டம் தெரிந்துவிடும். ஹண்டர் வளைகோடு என்று இதற்குப் பெயர். 1941இல் பைப் அளவுகள் பற்றியும் தனி அறிக்கை எழுதினார். நமது தேசியக் கட்டட விதித்தொகுப்பிலும் ஃபிக்ஸ்சர் யூனிட் முறை இடம்பெற்றிருக்கிறது.

ஆனால் அவர் கணக்கிட்டது 15 லிட்டர் ஃபிளஷுக்கும், வரிசையில் ஆட்கள் காத்திருக்கும் நெரிசலுக்கும். இன்றைய ஃபிளஷ் 6 லிட்டர், அரை ஃபிளஷ் 3 லிட்டர்; வீட்டில் வரிசையும் கிடையாது. அதனால் பழைய வளைகோடு இன்று தேவைக்கு மேல் பெரிய பைப்பைக் காட்டுகிறது. செலவு ஒருபுறம் இருக்க, அகலமான பைப்பில் நீர் நெடுநேரம் தேங்கிக் கெடவும் செய்யும். அமெரிக்காவில் 2018 விதித்தொகுப்பின் பின்னிணைப்பிலேயே குடியிருப்புகளுக்குப் புதிய கணக்குமுறை வந்துவிட்டது.

ஹண்டரின் சிந்தனையை நாமே வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். ஷவர் தலையையும் வடிகட்டியையும் சுத்தம் செய்துவிட்டு, யாரும் தண்ணீர் புழங்காத மதியம் 3 மணிக்கு ஒரு வாளி நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். காலை 7 மணிக்கும் அதே வாளியை வையுங்கள். மதியம் வேகமாகவும் காலையில் மெதுவாகவும் நிரம்பினால், பைப் நெரிசலுக்குப் போதவில்லை அல்லது உள்ளே அடைப்பு இருக்கிறது. இரண்டு வேளையும் மெதுவாகவே நிரம்பினால், பெரும்பாலும் மொட்டை மாடித் தொட்டிக்கும் ஷவருக்கும் இடையே உயரம் குறைவு. அதற்குப் பைப்பை மாற்றிப் பெரிய பயன் இராது; தொட்டியை உயர்த்துவதோ பிரஷர் பம்ப் வைப்பதோதான் வழி.

பைப் பெரிதானால் போர்வெல்லில் தண்ணீர் கூடிவிடாது என்பதும் நினைவிருக்கட்டும். சுரங்கத்துக்காக நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைக்கும் நெய்வேலிக்குப் பக்கத்தில், வளையமாதேவியில் இருக்கிறோம். எனவே பராமரிப்பு நிதியில் கை வைக்கும் முன் மேல்மாடி வீட்டார் இந்த இரண்டு நேர அளவுகளையும் குறித்துச் சங்கத்திடம் தாருங்கள். அளந்து பார்த்த பிறகு முடிவெடுப்போம்.