ஆழிக்குமரன் ஆனந்தன்

கட்டுமாவடிக் கரையைத் தழுவும் பாக் கடல், எதிர்க்கரையில் ஓர் அரிய வீரரை வளர்த்தது. வி. எஸ். குமார் ஆனந்தன் வல்வெட்டித்துறையில் 1943ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் பிறந்தார். அண்டை ஊரான தொண்டைமானாற்றின் நவரத்தினசாமி 1954இல் பாக் நீரிணையை நீந்திக் கடந்தபோது, அவர் பத்து வயதுச் சிறுவர்.

கடப்பதோடு அமையாமல் மீளவும் துணிந்தார் ஆனந்தன். 1971இல் ஈழத்திலிருந்து நீந்தித் தமிழகக் கரையைத் தொட்டு, மீண்டும் ஈழக்கரை சேர்ந்தார். அதற்கு 51 மணி நேரம் ஆயிற்று. தமிழுலகம் அவரை ஆழிக்குமரன் எனப் போற்றியது. சட்டம் பயின்ற அவர், மிதிவண்டி ஓட்டம், நடனம் முதலியவற்றிலும் உலகச் சாதனைகள் நிகழ்த்தினார்.

1984 ஆகஸ்டு 6ஆம் நாள், ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்று, 41ஆம் வயதில் உயிர்நீத்தார். அயற்கடல் அவரைக் கொண்டது. போகவும் மீளவும் வழிவிட்ட நம் கடலோ, இரு கரைக்கும் இடையே அவர் காட்டிய பாதையை இன்றும் நினைவூட்டுகிறது.